எடைப் பயிற்சி அறைக்கு எதை வாங்குவது?



நம் பாலிடெக்னிக்கில் எடைப் பயிற்சி அறை ஒன்று வரப்போகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் உடைந்த டெஸ்க்குகளைப் போட்டு வைத்திருந்த பழைய ஸ்டோர் ரூம், இருபது அடிக்குப் பதினைந்து அடி, நம் பேரவைக்குக் கிடைத்திருக்கிறது. விளையாட்டு நிதியில் இருக்கும் பணம் ஒரே ஒரு தடவை வாங்கத்தான் காணும். அடுத்த செட் மாணவர்கள் வந்து மாற்றி வாங்க முடியாது. "மல்டி ஜிம் வாங்கிருவோம், பாக்கவே பிரமாதமா இருக்கும்" என்று ஒரு கட்சி. "ராடும் பிளேட்டும் போதும்" என்று இன்னொரு கட்சி. விலைப் புள்ளி கேட்டுக் கடை கடையாக ஏறிய மூன்று பேரில் நானும் ஒருவன். பொதுக்குழுவில் நீங்கள் கை தூக்குவதற்கு முன்னால் சில கணக்குகளை உங்கள் முன் வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் இரண்டாவது கட்சிக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடை தூக்குவது நம் பக்கத்துக்குப் புதிது அல்ல. பணகுடி அருகே வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வழுவழுவென்று உருண்டையாக இருக்கும் கல். பிடிக்க விளிம்பு கிடையாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை மடிக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து எழுந்து, தோளுக்குக் கொண்டு போய்ப் பின்னால் தள்ள வேண்டும். இதில் வேலை செய்யாத தசை எது என்று தேடினாலும் கிடைக்காது. கால், இடுப்பு, முதுகு, கை எல்லாம் ஒன்றாக இழுக்கிறது. ஆற்றுப் பாசனத்து வாழைத் தோட்டங்களில் தார் சுமக்கிறவரும், நெல் மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிறவரும் செய்வது இதே அசைவைத்தான்.

ஆனால் இளவட்டக்கல்லில் ஒரு குறை உண்டு. கல்லின் எடை நிரந்தரம். சின்னக் கல்லைத் தூக்கியவன் அடுத்த பெரிய கல்லுக்குப் போக வேண்டுமென்றால் பத்து, பதினைந்து கிலோ ஒரே தாவாகத் தாவ வேண்டும். கல்லோடு ஒன்றேகால் கிலோவை ஒட்ட வைக்க முடியாது. பழைய கிரேக்கத்தில் மைலோ என்ற மல்யுத்த வீரன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கி வந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் காளையையே தூக்கினான் என்பார்கள். கதைதான். ஆனால் அதற்குள் இருக்கும் சங்கதி உண்மை. உடம்பு நேற்றுச் சுமந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கும்போதுதான் பலம் ஏறுகிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ, அவ்வளவு காலத்துக்குத் தடையில்லாமல் ஏறலாம்.

ஆகவே நான் பட்டியலில் முதலில் எழுதச் சொல்வது எது தெரியுமா? 1.25 கிலோ பிளேட். கடைக்காரர்கள் 20 கிலோ பிளேட்டைத்தான் முன்னால் எடுத்து வைப்பார்கள். நம் ஆட்களும் அதைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் நாற்பது கிலோ தூக்கும் பையனுக்கு அடுத்த வாரம் நாற்பத்திரண்டரை தேவை. இரண்டு பக்கமும் ஒன்றேகால் இருந்தால் விஷயம் முடிந்தது. அது இல்லாத ஜிம்மில் அவன் 45-க்கோ 50-க்கோ தாவுவான், முடியாது, முதுகை வளைத்துத் தூக்குவான், பிடித்துக்கொள்ளும், ஒரு மாதம் வரமாட்டான். அப்புறம் வரவே மாட்டான்.

ராடு கணக்கு

இனி ராடுக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் யோசிக்காமல் வாங்குவது இதைத்தான்.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு D²/162 சூத்திரம் தூக்கத்திலும் தெரியும். கம்பியின் விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, இருமடி செய்து, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 25 மி.மீ. ராடு மீட்டருக்கு 3.86 கிலோ. ஆறடி ராடு என்றால் சுமார் ஏழு கிலோ. ஐந்தடி என்றால் ஆறு கிலோகூட இல்லை. பல இடங்களில் இதையே "ராடு பத்து கிலோ" என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! போட்டிகளில் பயன்படும் ஆண்களுக்கான ராடு சரியாக 20 கிலோ. நீளம் 2.2 மீட்டர், பிடிக்கும் இடம் 28 மி.மீ., பிளேட் மாட்டும் முனை 50 மி.மீ. பெண்களுக்கான ராடு 15 கிலோ, 2.01 மீட்டர், பிடி 25 மி.மீ.

இந்த 25-க்கும் 28-க்கும் இடையில் உள்ள மூன்று மி.மீ. பெரிதா என்று கேட்கலாம். எஸ்.ஓ.எம். நோட்டைத் திறப்போம். தோளில் ராடை வைத்துப் பஸ்கி எடுக்கிறான் ஒருவன். பக்கத்துக்கு 40 கிலோ பிளேட். ராடின் நடுவிலிருந்து பிளேட் ஆரம்பிக்கும் இடம் சுமார் 65 செ.மீ. தோள் தாங்கும் இடம் நடுவிலிருந்து 20 செ.மீ. ஆக, நெம்பு தூரம் 45 செ.மீ. வளைவுத் திருப்புமை 392 நியூட்டன் பெருக்கல் 450 மி.மீ., ஏறத்தாழ 1,76,500 நியூட்டன்-மி.மீ. வட்டக் குறுக்குவெட்டின் Z மதிப்பு πd³/32. 25 மி.மீ. ராடுக்கு இது 1534 கன மி.மீ. வகுத்தால் தகைவு 115 நியூட்டன்/ச.மி.மீ. மைல்டு ஸ்டீல் சுமார் 250-இல் நெகிழ ஆரம்பிக்கும் என்று படித்திருக்கிறோம். பாதிக்கும் கீழேதானே இருக்கிறது, பயமில்லை என்று தோன்றும்.

பொறுங்கள். அது ராடு சும்மா இருக்கும்போது. மெதுவாக ஏற்றிய சுமைக்கும் திடீரென்று ஏற்றிய சுமைக்கும் என்ன வித்தியாசம் என்று பரீட்சையில் கேட்பார்களே, அதே கதைதான். திடீர்ச் சுமையில் தகைவு இரண்டு மடங்கு. அப்படியானால் 230. எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம். களைத்துப் போய் ஸ்டாண்டில் ராடைத் தொப்பென்று போட்டால் எல்லை தாண்டிவிடும். ஒரு தடவை வளைந்த ராடு திரும்ப நேராகாது. லேத்துக்குக் கொண்டுபோய் நிமிர்த்தினாலும் மறுபடி அதே இடத்தில் வளையும். வளைந்த ராடு கையில் நிற்காமல் சுழலும். பிடித்திருப்பவன் மணிக்கட்டுக்கு ஆபத்து. இதே சுமைக்கு 28 மி.மீ. ராடில் தகைவு 82 தான். மூன்று மி.மீ. கூடியதற்கு வலு நாற்பது சதவீதம் கூடியிருக்கிறது, d-க்கு மேல் உள்ள அந்த 3 செய்யும் வேலை. அதோடு மைல்டு ஸ்டீலுக்குப் பதில் ஈ.என்.8, ஈ.என்.24 போன்ற எஃகில், அதுவும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்த ராடாக இருந்தால் இன்னும் நல்லது. "என்ன மெட்டீரியல்?" என்று கேட்டாலே பாதிக் கடையில் முகம் மாறிவிடும். கேளுங்கள்.

ராடு வளைவதும் உடைவதும் நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. சுவீடனில் எலெய்க்கோ என்ற கம்பெனி முதலில் வாஃபிள் சுடும் மின் அடுப்பு போன்ற வீட்டுச் சாமான்கள் செய்துகொண்டிருந்தது. போட்டிகளில் ராடு உடைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, அங்கே வேலை பார்த்த எடைதூக்கும் பிரியர் ஒருவர் நல்ல எஃகில் நாமே செய்தால் என்ன என்று யோசனை சொல்ல, 1957-இல் ராடு செய்ய இறங்கினார்கள். 1963-இல் ஸ்டாக்ஹோம் உலகப் போட்டி முழுக்க அவர்கள் ராடு தாக்குப் பிடித்தது. அடுப்புக் கம்பெனியில் ஒரு தொழிலாளி சொன்ன யோசனை! மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க.

நம்மால் அந்த ராடை வாங்க முடியாது. விலை அப்படி. ஆனால் மீரட், ஜலந்தர் பக்கமிருந்து வரும் இந்திய ராடுகளிலேயே 28 மி.மீ. பிடியும் 50 மி.மீ. முனையும் உள்ளவை கிடைக்கின்றன. இரண்டு வாங்கினால் போதும். கூடவே 15 கிலோ ராடு ஒன்று.

துளை விஷயத்தில் ஏமாறக் கூடாது. சந்தையில் இரண்டு வகை பிளேட்டுகள் உண்டு. சாதா ராடுக்கான சின்னத் துளை, ஒலிம்பிக் ராடுக்கான 50 மி.மீ. துளை. இப்போது மலிவு என்று சின்னத் துளையில் நூறு, நூற்றைம்பது கிலோ வாங்கிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் நல்ல ராடு வாங்கினாலும் அந்த பிளேட்டுகள் மாட்டாது. பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். எந்தத் துளை என்பதை முதல் நாளே முடிவு செய்து, எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பிளேட்டை நிறுத்துப் பார்க்காமல் வாங்குவதும் கூடாது. 10 என்று அச்சு இருந்தால் 10 கிலோ ஆகிவிடாது. வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2. 28 செ.மீ. விட்டம், 5 செ.மீ. துளை, 2.3 செ.மீ. தடிமன் உள்ள பிளேட் சுமார் 9.9 கிலோ வரும். தடிமனில் ஒரு மி.மீ. குறைந்தால் 430 கிராம் போச்சு. அளவெல்லாம் சரியாக இருந்தும் எடை குறைகிறதா? உள்ளே காற்றுக்குழி இருக்கிறது, ஃபவுண்டரி பாடத்தில் படித்த 'ப்ளோ ஹோல்'. அப்படிப்பட்ட பிளேட் ஒரு நாள் கீழே விழும்போது விண்டுபோகும். உலகப் போட்டி விதிப்படி ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பிளேட் 0.1 சதவீதம் கூடலாம், 0.05 சதவீதம் குறையலாம். அந்தச் சுத்தம் நமக்கு வேண்டாம். ஆனால் இடது பக்கம் 9.6, வலது பக்கம் 10.3 என்று மாட்டிக்கொண்டு மாசக்கணக்கில் தூக்கினால் உடம்பு ஒரு பக்கமாகத்தான் இழுக்கும். டெலிவரி எடுக்கும் அன்றைக்கு நாலு பேர் தராசோடு நிற்போம். சாக்பீஸால் நிஜ எடையை எழுதி, ஒத்த எடையுள்ளவற்றை ஜோடி சேர்த்துவிடுவோம். செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. போட்டி பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதாவது ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை செ.மீ. உயரத்தில் நிற்கும். நம் 28 செ.மீ. வார்ப்பு பிளேட்டில் ராடு 14 செ.மீ. உயரத்திலேயே கிடக்கும். அதைக் குனிந்து எடுக்கும்போது முதுகு வளையாமல் எடுப்பது புதுப் பையனுக்குக் கஷ்டம். பெரிய ரப்பர் பிளேட் ஒரு ஜோடி வாங்கலாம். கையில் காசு இல்லையா, எட்டரை செ.மீ. உயரத்துக்குப் பனை மரச் சட்டத்தை அடுக்கி இரண்டு மேடை செய்து, அதன்மேல் பிளேட்டை நிறுத்தலாம். நம் ஜில்லாவில் பனைக்குப் பஞ்சமா?

மல்டி ஜிம் ஏன் வேண்டாம்?

எதிர்க்கட்சி நண்பர்கள் கோபிக்க வேண்டாம். மல்டி ஜிம்மின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஹெரால்ட் ஜிங்கின் என்பவர் 'யுனிவர்சல்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடங்கள் விரும்பி வாங்கியதற்குக் காரணம் இருந்தது. ஒரே சட்டத்தைச் சுற்றிப் பல பேர் ஒரே நேரத்தில் செய்யலாம். எடை உடம்புமேல் விழாது. பின்னை மாற்றிக் குத்தினால் எடை மாறிவிடும். பழக்கிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் இது பாதுகாப்புதான்.

ஆனால் அந்த அறையை மூன்று வருஷம் கழித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கூடத்தில் கேபிள் அறுந்து, எட்டு ஸ்டேஷனில் மூன்றுதான் ஓடுகிறது. மற்றதில் துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். கேபிள் ஏன் அறுகிறது? கம்பிவடத்தின் தடிமனோடு ஒப்பிட்டால் அது சுற்றிவரும் கப்பி ரொம்பச் சின்னது. ஒவ்வொரு தடவையும் கம்பி இழைகள் வளைந்து நிமிர்கின்றன. நாளைக்கு ஆயிரம் தடவை. களைப்பில் இழை இழையாக அறுகிறது. மாற்றுக் கேபிளுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ராடில் அறுந்துபோக ஒன்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கை, அதில் எழுதியிருக்கும் எண். நகரும் கப்பி ஒன்று நடுவில் இருந்தால் 60 கிலோவுக்கு உங்கள் கை கொடுக்கும் விசை 30-தான். முதல் வருஷ மெக்கானிக்ஸ்! நெம்புகோல் வைத்த ஸ்டேஷனில் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இன்னொரு கணக்கு. "நான் எம்பது தூக்குதேன்" என்று சவால் விடும் நண்பரைப் பணிவோடு ராடுப் பக்கம் அழைத்து வாருங்கள். தவிர, எடை ஏறுவது ஐந்து ஐந்து கிலோவாக. முதலில் சொன்ன இளவட்டக்கல் குறைதான் இங்கேயும். கால் ஊன்றி நின்று முழு உடம்பையும் ஒருங்கே இயக்கும் பயிற்சி அதில் கிட்டத்தட்ட இல்லை.

ஓடும் மெஷினைப் பற்றிப் பேசவே வேண்டாம். வ.உ.சி. மைதானம் இருக்கிறது, குறுக்குத்துறையில் ஆறு இருக்கிறது. ஓடுங்கள், நீந்துங்கள்.

நாமே செய்யக் கூடியவை

ஸ்டாண்டையும் பெஞ்சையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் விசாரித்தபோது அண்ணாச்சி சொன்னது: "தம்பி, பைப்பு எத்தன கேஜுன்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் அடிச்சுத் தாரேன். தாங்குமான்னு எங்கிட்ட கேட்டா, தாங்கும்னுதான் சொல்லுவேன்." நியாயமான பேச்சு. எனவே எழுதிக் கொடுப்பது நம் பொறுப்பு. 50க்கு 50 மி.மீ. சதுர பைப், சுவர் 3 மி.மீ. அடித்தளம் முன்னும் பின்னும் நீண்டு, தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். மிக முக்கியம், இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி. பஸ்கியிலிருந்து எழ முடியாமல் போனால் ராடு அந்தக் கம்பிமேல் உட்காரும், பையன் வெளியே வந்துவிடலாம். இந்தக் கம்பி இல்லாத ஸ்டாண்டுக்குக் குறைந்த விலை சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

பெஞ்சு உயரம் 42-லிருந்து 45 செ.மீ., அகலம் 29-லிருந்து 32 செ.மீ., நீளம் 1.22 மீட்டருக்குக் குறையாமல். இது பவர்லிஃப்டிங் போட்டி அளவு. உயரம் கூடினால் குட்டையானவர்களுக்குக் கால் தரையில் ஊன்றாது. மெத்தை ஸ்பாஞ்சு மெத்துமெத்தென்று இருப்பதைவிட இறுக்கமாக இருப்பது நல்லது. பெஞ்சில் படுத்துத் தூக்கும்போது தலைமாட்டில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். ராடு கழுத்தில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம். தனியாக பெஞ்சு போடக் கூடாது என்று சுவரில் பெயிண்டால் எழுதிவிடுவோம்.

புல்-அப் எடுக்க ஒரு அங்குல ஜி.ஐ. பைப் போதும், வெளி விட்டம் 33 மி.மீ. சொச்சம், கைக்கு அடங்கும். கர்லாக்கட்டை இரண்டு ஜோடி மரம் கடைபவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். தோள்பட்டைக்கு அதைப்போல ஒன்று இல்லை. தரைக்குப் பழைய கன்வேயர் பெல்ட் வாங்கி விரித்தால் ஸ்டோர் ரூம் மொசைக் தப்பிக்கும்.

யாருக்காக வாங்குகிறோம்?

மீசை முறுக்கும் நாலு பேருக்காக மட்டும் அல்ல. முதல் வருஷம் சேரும் தம்பி, தங்கைகளுக்கு வயது பதினைந்து, பதினாறு. "இந்த வயசுல வெயிட் எடுத்தா வளத்தி நின்னுரும்" என்று வீட்டில் சொல்வார்கள். மேற்பார்வையோடு முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. கெடுப்பது, பழகாமலேயே அதிகபட்ச எடைக்குப் போட்டி போடுவது.

15 கிலோ ராடு ஏன் என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். 2000-இல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியதும், 2021-இல் டோக்கியோவில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியதும் இதே அளவு ராடில்தான். நம் தமிழ்நாட்டில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். வேலூரில் முடிந்தது நெல்லையில் முடியாதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் நம் வகுப்பு மாணவிகளுக்குத் தனி நேரம் ஒதுக்காவிட்டால் அந்த அறைக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் மதிய இடைவேளைக்குப் பிறகு வரும் விளையாட்டுப் பீரியடை அவர்களுக்கு என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மாலை நேரம் சரிப்படாது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்துக்காரர்கள் பாதிப்பேர் செங்கோட்டை வண்டியைப் பிடிக்க ஓடுவார்கள்.

ஒரு ராடுக்கு நாலு பேர். ஒருவர் தூக்க, இருவர் இரு முனையிலும் நிற்க, ஒருவர் இளைப்பாற. இரண்டு ராடு, ஒரு பெஞ்சு என்றால் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேர். பதினைந்தடி அகலத்தில் ஏழடி ராடை வைத்தால் இரண்டு பக்கமும் பிளேட் மாட்ட இடம் தாராளமாக இருக்கும். கணக்கு சரியாக வருகிறது. முதல் மாதம் மட்டும் பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ முடித்த பயிற்சியாளர் யாராவது கிடைப்பாரா என்று பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் கேட்டுப் பார்க்க பி.டி. சார் சம்மதித்திருக்கிறார்.

பணம் குறைந்தால் எதை வெட்டுவது என்பதையும் எழுதிவிடுகிறேன். முதலில் ரப்பர் பிளேட், பனஞ்சட்டம் இருக்கிறது. அடுத்து 20 கிலோ பிளேட். ஒரு ராடுக்கு 15, 10, 5, 2.5, 1.25 ஒவ்வொரு ஜோடி இருந்தாலே ராடோடு எண்பத்தேழரை கிலோ ஆகிறது, முதல் வருஷத்துக்கு அது தாராளம். அதற்கும் மேலே வெட்ட வேண்டுமென்றால் இரண்டாவது 20 கிலோ ராடு. குறுக்குக் கம்பியிலும் 15 கிலோ ராடிலும் கை வைக்கக் கூடாது. மூன்று கடை விலைப் புள்ளிகளும் பேரவை அறையில் இருக்கின்றன. வெர்னியர் எடுத்துக்கொண்டு வருகிறவர்களை அடுத்த தடவை கடைக்குக் கூட்டிப் போகிறோம்.